மெர்லின் செயலி: மொட்டை மாடியிலிருந்து பறவை நோக்குவோருக்கு

நகரத்தில் பறவை நோக்கத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் ஓரிடத்தில்தான் திணறுகிறார்கள்: குரல் கேட்கிறது, பறவை கண்ணில் படுவதில்லை, அது எதுவென்று சொல்லப் பக்கத்தில் யாருமில்லை. அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகம் இலவசமாக வழங்கும் மெர்லின் செயலி இந்தத் திணறலைப் பெருமளவு தீர்த்துவைக்கிறது. 2014இல் வெளியான இச்செயலியில் 2021இல் அறிமுகமாகி, பின்னர் இந்தியப் பறவைகளுக்கும் விரிந்த ஒலிவழி அடையாளம் காணும் வசதியே இதன் உயிர்நாடி என்பேன்.

சென்னையில் விடியற்காலையில் மொட்டை மாடியில் நின்று ஒலிப்பதிவை இயக்கினால், குரல் எழும்போதே பெயரும் படமும் திரையில் வருகின்றன. அரசமரத்தின் இலைகளோடு இலையாக மறைந்துகொண்டு ஒரே சீராக ‘டுக் டுக்’ என்று ஒலிப்பது செம்மார்புக் குக்குறுவான் என்பதையும், ‘கிக் கிக்’ என்று வேகமாகக் கத்துவது புள்ளிகள் கொண்ட பெண்குயில் என்பதையும், செடிக்குள்ளிருந்து உடலளவுக்குப் பொருந்தாத உரத்த குரல் எழுப்புவது தையல்சிட்டு என்பதையும் இவ்வாறு அறிந்துகொண்டபின், பல ஆண்டுகளாகக் கேட்டுப் பழகிய தெருவே எனக்குப் புதிதாகிவிட்டது. அந்த மகிழ்ச்சியைத் தொடக்கநிலையிலேயே தருவதுதான் இச்செயலியின் பெரிய கொடை.

குறைகளும் உண்டு. வாகன இரைச்சல் மிகுந்த நேரத்தில் மெல்லிய குரல்களை இது தவறவிடுகிறது. பிற பறவைகளின் குரலைப் போலச் செய்யும் பறவைகளிடம் ஏமாறவும் கூடும். ஆகவே திரையில் தோன்றும் பெயரை ஒரு துப்பாக மட்டுமே கொண்டு, பறவையைக் கண்ணால் கண்ட பின்னரே குறிப்பேட்டில் எழுதுவது நல்லது. பறவையைக் கண்டும் பெயர் தெரியாதபோது, இடம், நாள், உருவ அளவு, நிறம், நடத்தை ஆகியவற்றைக் கேட்டுப் பொருத்தமான பறவைகளைப் பட்டியலிடும் பகுதி உதவுகிறது. ஒளிப்படவழித் தேடலுக்குத் தெளிவான படம் வேண்டும்; கைப்பேசிக் கேமராவால் அது எளிதில் அமைவதில்லை.

நம் பகுதிக்கான பறவைத் தொகுப்பை முன்கூட்டியே தரவிறக்கிவிட்டால் இணையம் இல்லாமலும் இது இயங்கும். ஆண்டுதோறும் சனவரியில் நடைபெறும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் வீட்டிலிருந்தபடியே 15 நிமிடம் பறவைகளை எண்ணிப் பங்கேற்கலாம் என்பதால், அதற்குச் சில வாரங்கள் முன்பாக இதை நிறுவிக் காதைப் பழக்கத் தொடங்குவது பொருத்தமாக இருக்கும்.