ரத்தம் ஊற எதை நம்பலாம்? கீரை, பேரீச்சை, சுவரொட்டி, மாத்திரை – ஒரு கணக்கு

ஹீமோகுளோபின் 10 என்று ரிப்போர்ட் வந்தால் போதும், ஆளுக்கொரு வைத்தியம் வந்துவிடும். மாமியார் முருங்கைக்கீரை என்பார், பக்கத்து வீட்டு அக்கா பேரீச்சை சிரப் என்பார், ஆபீஸில் பீட்ரூட் ஜூஸ் என்பார்கள். டாக்டர் எழுதித் தந்த மாத்திரை மலச்சிக்கலுக்குப் பயந்து நாலாம் நாளே அலமாரிக்குள் போய்விடும். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் அதே 10. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. வேலைக்கும் வீட்டுக்கும் ஓடுகிற அம்மாவுக்கு இதற்கென்று ஒதுக்க ஒரு நாளில் பத்து நிமிடம் கிடைத்தால் பெரிது. அந்தப் பத்து நிமிடத்தை எதில் போடுவது?

முதலில் கடன் எவ்வளவு என்று தெரிய வேண்டும். 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 10-லிருந்து 12-க்கு ஏற, சுமார் 260 மில்லிகிராம் இரும்பு கூடுதலாக ரத்தத்துக்குள் போயாக வேண்டும். உடம்பின் கையிருப்பையும் நிரப்புவதென்றால் இன்னும் சில நூறு. அதோடு தினசரிச் செலவு ஒரு மில்லிகிராம் போல உண்டு. மாதவிலக்கில் போகும் ஒவ்வொரு மில்லி ரத்தத்தோடும் அரை மில்லிகிராம் இரும்பு போகிறது. 80 மில்லிக்கு மேல் போனால் அது அதிகப் போக்கு. மாதத்துக்கு 40 மில்லிகிராம் இப்படியே கரையும்.

இனி கீரை. பறித்து உருவிய முருங்கை இலை 100 கிராமில் சுமார் 4.6 மி.கி. இரும்பு. ஒருவருக்கான பொரியலில் 50 கிராம் இலை என்று வைத்தால் 2.3. தாவர இரும்பு குடலில் சேர்வது குறைவு; 5 சதவீதம் என்று கொண்டால் உடம்புக்கு நிற்பது 0.1 மி.கி. சொச்சம். மேலே சொன்ன தினசரிச் செலவை மறந்துவிட்டு, தினமும் கீரை தின்றாலும் 260-ஐ அடைக்க ஆறு வருஷத்துக்கு மேல் ஆகும். அதே இலை 100 கிராமில் 300 மி.கி.க்கு மேல் கால்சியமும் இருப்பதால் இரும்பு உள்ளே போவது இன்னும் தடைப்படும். வைட்டமின் ஏ-வுக்காகவும் ஃபோலேட்டுக்காகவும் கால்சியத்துக்காகவும் முருங்கையைச் சாப்பிடுங்கள். வாரம் இரண்டு நாள் உட்கார்ந்து உருவுவதற்கு அது போதுமான காரணம். சோகையைத் தீர்க்க அதை மட்டும் நம்ப வேண்டாம்.

பேரீச்சை இன்னும் பலவீனம். வகைக்கு வகை மாறினாலும் 100 கிராமுக்கு 1 மி.கி.யை ஒட்டித்தான். நாலு பழத்தில் 0.3 மி.கி., அதுவும் சேர்வதற்கு முன். சிரப் வாங்கினால் பாட்டிலின் பின்பக்கம் திருப்பி, ஒரு ஸ்பூனுக்கு எத்தனை மி.கி. இரும்பு, எத்தனை கிராம் சர்க்கரை என்று பாருங்கள். பெரும்பாலும் சர்க்கரைக்குத்தான் காசு. பீட்ரூட் 100 கிராமில் 0.8, மாதுளையில் அதிலும் குறைவு. சிவப்பாக இருந்தால் ரத்தம் ஊறும் என்பது கண்ணுக்குச் சொல்லும் சமாதானம். அதைவிட ஒரு எள்ளுருண்டை மேல். கறுப்பு எள்ளில் 100 கிராமுக்குச் சுமார் 14 மி.கி., ஓர் உருண்டையில் ஒன்றரை மி.கி. கிடைக்கும். இனிப்பு தின்றே தீர வேண்டுமென்றால் அதைத் தின்னலாம்.

கம்பும் கேழ்வரகும் பேரீச்சையோடு சேர்த்து ஒதுக்கக்கூடியவை அல்ல. கம்பில் 6.4, கேழ்வரகில் 4.6 மி.கி. தானியத் தோலிலுள்ள ஃபைடேட் என்ற பொருள்தான் இரும்பைச் சேரவிடாமல் பிடித்துக்கொள்வது. ஊறவைத்து முளைகட்டினாலோ இரவு முழுக்கப் புளிக்கவிட்டாலோ அதன் பிடி தளரும். முதல்நாள் கரைத்து வைத்துப் புளித்த கம்பங்கூழ், காலையில் மாவை உடனே கிளறிச் செய்யும் கஞ்சியைவிட இந்த விஷயத்தில் மேல். கூழுக்குத் தொட்டுக்கொள்ளும் சின்ன வெங்காயத்திலும் விஷயம் இருக்கிறது: தானியத்தோடு வெங்காயம், பூண்டு சேரும்போது அதிக இரும்பு கரைந்து கிடைப்பதை மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனத்தின் (சி.எஃப்.டி.ஆர்.ஐ.) ஆய்வகச் சோதனையில் கண்டிருக்கிறார்கள். மோருக்குப் பதிலாக எலுமிச்சை பிழிந்து கரைத்தால் இன்னும் நல்லது.

ரேஷனில் வரும் செறிவூட்டிய அரிசியைப் பற்றி ஒரு வார்த்தை. நூறு அரிசிக்கு ஒன்று வீதம் வேறு நிறத்தில், கொஞ்சம் வழவழப்பாக ஒரு மணி கிடக்கும். களையும்போது சில மணிகள் மிதக்கும். பிளாஸ்டிக் அரிசி என்று அதைப் பொறுக்கி எறிகிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. அது அரிசி மாவோடு இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 கலந்து மணியாகப் பிழிந்தது. விதிப்படி கிலோவுக்கு 28 முதல் 42.5 மி.கி. இரும்பு இருக்க வேண்டும். ஒரு நாளைக்கு 200 கிராம் அரிசி சாப்பிட்டால் 5.6 மி.கி.க்குக் குறையாமல் இலைக்கு வருகிறது, கூடுதல் வேலை ஏதுமில்லாமல். எறிவதை நிறுத்தினால் போதும்.

அசைவம் சாப்பிடுகிறவர்களுக்குச் சுவரொட்டி. ஆட்டு மண்ணீரல்தான் அது. 100 கிராமில் 40 மி.கி. அளவுக்கு இரும்பு, ஈரலில் ஏழுக்குள் என்று பார்த்தால் வித்தியாசம் புரியும். அதில் ஒரு பகுதி மட்டுமே எளிதில் சேரும் ஹீம் இரும்பு, மீதி சேமிப்பு வடிவத்தில் இருக்கிறது. எனவே சேர்மானத்தை 10 சதவீதம் என்று குறைத்தே வைப்போம். 60 கிராமுக்கு 2 மி.கி.க்கு மேல் நிற்கும். மேலே சொன்ன கீரைப் பொரியலை இருபது நாள் தின்றதற்குச் சமம். ஒரு ஆட்டுக்கு ஒன்றுதான் கிடைக்கும் என்பதால் ஞாயிற்றுக்கிழமை கடைக்கு முதல்நாளே சொல்லிவைக்க வேண்டும். சமைப்பது ஈரலைவிட எளிது. பச்சையாக வெட்டினால் குழகுழவென்று நழுவும். எனவே கழுவி முழுதாகத் தோசைக்கல்லில் போட்டு இரண்டு பக்கமும் இரண்டிரண்டு நிமிடம் இறுகவிடுங்கள். பிறகு துண்டு போட்டு, நல்லெண்ணெயில் வதங்கிய சின்ன வெங்காயத்தோடு மிளகுத்தூள், உப்பு சேர்த்து உள்ளே சிவப்பு மறையும் வரை புரட்டினால் முடிந்தது. அதற்கு மேல் அடுப்பில் விட்டால் ரப்பர். யூரிக் அமிலம் அதிகமுள்ளவர்கள் தவிர்க்க வேண்டும். கர்ப்பிணிகள் தவிர்க்க வேண்டியது ஈரல், அதில் வைட்டமின் ஏ மிக அதிகம்.

இவ்வளவுக்கும் பிறகு மாத்திரைக்கு வந்தால் கணக்கு வேறு தரத்தில் நிற்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகத் தரும் சிவப்பு மாத்திரை ஒன்றில் 60 மி.கி. இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. பத்தில் ஒரு பங்கு சேர்ந்தாலே 6 மி.கி.; குறைபாடு உள்ள உடம்பு அதற்கு மேலும் இழுக்கும். சுமார் 45 மாத்திரையில் அந்த 260 தீரும். ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே இருந்தால் உணவை மட்டும் வைத்து ஏற்ற முயல்வது வீண் அலைச்சல் என்பதே எங்கள் கருத்து. வாரத்துக்கு ஒரு மாத்திரை என்று அரசுத் திட்டத்தில் தருவது வராமல் தடுக்கும் அளவு. வந்துவிட்ட சோகைக்கு அளவை டாக்டர் சொல்ல வேண்டும்.

மாத்திரை தோற்பது பெரும்பாலும் நேரத்தால்தான். காலைக் காபியோடு விழுங்கினால் அதிலுள்ள பாலிஃபீனால் என்ற பொருள் இரும்பில் பாதிக்குமேல் கட்டிவிடும். தேநீர் அதைவிட மோசம். பிரசவத்துக்குப் பிறகு இரும்பும் கால்சியமும் ஒரே கவரில் தருவார்கள், இரண்டையும் ஒரே வாயில் போட்டால் கால்சியம் இரும்பைச் சேரவிடாமல் தடுக்கும். கால்சியத்தை மதியச் சாப்பாட்டுக்குத் தள்ளுங்கள். தைராய்டு மாத்திரைக்கும் இதற்கும் நாலு மணி நேர இடைவெளி வேண்டும். காலையில் அந்த இடைவெளி கிடைக்காத வீட்டில் இரவுச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்துப் போடுவதே நடைமுறை. ஒரு டம்ளர் தண்ணீர் முழுக்கக் குடித்து, கால் மணி நேரமாவது படுக்காமல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும்.

வயிறு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் நிறுத்துவதற்கு முன் ஒருநாள் விட்டு ஒருநாள் போடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். ஒரு மாத்திரை உள்ளே போனதும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் ஏறி, ஒரு நாள் வரை குடலின் கதவைச் சாத்துகிறது. இரும்பு குறைந்த பெண்களிடம் ஜூரிச்சில் நடத்தி 2017-இல் வெளிவந்த ஆய்வில், ஒருநாள் விட்டுப் போட்டபோது ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் சேர்ந்தது அதிகமாக இருந்தது. கர்ப்பிணிகள் மட்டும் தாமாக இப்படி மாற்றக் கூடாது. 'வயிற்றைப் படுத்தாது' என்று விற்கும் மெல்லக் கரையும் மாத்திரைகள், இரும்பு சேரும் முன்குடலைத் தாண்டிப் போய்க் கரைவதால் பலன் குறைவு. மலம் கறுப்பாகப் போவது இயல்பு. தார் போல ஒட்டி நாறினால் வேறு காரணம் தேட வேண்டும்.

மாத்திரை போட்டாலும் போடாவிட்டாலும் மாற்ற வேண்டியது டீ நேரம். சாப்பிட்ட ஒரு மணி நேரத்துக்கு டீ, காபி இல்லை. சாப்பாட்டோடு ஒரு பச்சை நெல்லிக்காய் அல்லது அரைக் கொய்யா; அதிலுள்ள வைட்டமின் சி இரும்பு சேர உதவும். வேகவைத்த நெல்லிக்காயிலும் ஊறுகாயிலும் அந்தப் பலன் குறையும். புளிக்குழம்பு, தக்காளித் தொக்கு வகையறாவை இரும்புச் சட்டியில் வைத்தால் புளிப்புக்குக் கொஞ்சம் இரும்பு இறங்கும். எனாமல் பூசிய சட்டியில் இறங்காது. செய்ததும் வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள், ராத்திரி முழுக்க விட்டால் குழம்பு கறுத்து வாடையடிக்கும்.

மாத்திரையைச் சரியாகப் போட்டால் ஒரு மாதத்தில் ஹீமோகுளோபின் 1 கிராமாவது (10 என்றால் 11-க்கு) ஏற வேண்டும். ஏறிய பிறகும் கையிருப்புக்காக மூன்று மாதம் தொடர வேண்டும். ஏறவே இல்லையென்றால் மாத்திரையை மாற்றுவதற்கு முன் இரும்புக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின், பி12, தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் குறைபாட்டின் கூறு இருக்கிறதா என்று காட்டும் ஏ2 பரிசோதனை ஆகியவற்றைக் கேட்டுச் செய்யுங்கள். தலசீமியா கூறு இருந்தால், கையிருப்பு குறைவாக இருந்தாலொழிய இரும்பு கொடுத்துப் பயனில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு பேட் நனைந்தால், ஒரு ரூபாய் நாணயத்தைவிடப் பெரிய கட்டிகள் போனால், முதலில் பார்க்க வேண்டியது கர்ப்பப்பையை. மாத்திரைப் பட்டையைக் குழந்தையின் கைக்கு எட்டாமல் மேல் அலமாரியில் பூட்டி வையுங்கள். மிட்டாய் போலச் சிவப்பாக இருக்கும் அதைச் சின்னக் குழந்தை ஒரு கைப்பிடி விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.