5 மணி அலாரமா, 8 மணி ஜிம்மா: தூக்கத்தைத் தொடாத உடற்பயிற்சி எது?

சென்னையின் ஐடி சாலையான ஓஎம்ஆரில் வேலை பார்க்கும் பலரின் நாள் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். சிறுசேரியில் அலுவலகம், தாம்பரம் பக்கம் வீடு. காலை 7:15க்கு கம்பெனி பஸ். மாலை வீடு வந்து சேர ஏழு, ஏழரை. கிளையன்ட் கலிஃபோர்னியாவில் இருந்தால் அவருடைய காலை 9 மணி நமக்குக் கோடையில் இரவு 9:30, குளிர்காலத்தில் 10:30. அந்தக் கிளையன்ட் கால் (அழைப்பு) முடிந்து லேப்டாப்பை மூடிக் கண் அயரும்போது பதினொன்றரை ஆகிவிடும்.

இதற்குள் உடற்பயிற்சியை எங்கே நுழைப்பது? உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்ன கணக்கு, வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, கூடவே இரண்டு நாளாவது தசைக்கான பயிற்சி. தூக்கத்துக்கு அமெரிக்கத் தூக்க மருத்துவ அமைப்புகள் 2015இல் வைத்த அளவு, குறைந்தது 7 மணி நேரம். இரண்டும் வேண்டும். அதனால் ஒவ்வொரு வழியையும் நான் ஒரே கேள்வியை வைத்துத்தான் எடைபோடுகிறேன்: இந்தப் பயிற்சிக்கான நேரம் எதிலிருந்து எடுக்கப்படுகிறது?

எல்லோரும் முதலில் சொல்வது அதிகாலையை. அதற்கு நியாயமான காரணங்கள் உண்டு. ஐந்தரை மணிக்கு யாரும் மீட்டிங் வைக்க மாட்டார்கள். மே மாதச் சென்னையில் திறந்த வெளியில் நடக்கவோ ஓடவோ தோதான நேரம் அதுதான். காலை வெளிச்சம் கண்ணில் படுவது உடலின் கடிகாரத்தை முன்னுக்குத் தள்ளி, அன்றிரவு சீக்கிரம் தூக்கம் வர உதவும். இரவு பத்து மணிக்குள் படுக்கிறவருக்கு இதைவிட நல்ல வழி கிடையாது என்றே சொல்வேன்.

பதினொன்றரைக்குப் படுக்கிறவருக்குக் கணக்கு வேறு. ஆறே காலுக்கு எழுந்தால் அவருக்குக் கிடைப்பது 6 மணி 45 நிமிடம், ஏற்கெனவே பற்றாக்குறை. ஜிம்முக்காக ஐந்து மணிக்கு எழுந்தால் அது ஐந்தரை மணி நேரமாகிறது. ஐந்து வேலை நாளில் இப்படிப் போவது ஆறே கால் மணி நேரம், கிட்டத்தட்ட ஒரு முழு இரவுத் தூக்கம். வெட்டப்படுவதும் இரவின் கடைசிப் பகுதி. கனவு வரும் ரெம் தூக்கம் அதிகம் இருப்பது அங்கேதான்.

‘எனக்குப் பழகிவிட்டது’ என்று சொல்பவர்களுக்காக 2003இல் வெளியான ஓர் ஆய்வைச் சொல்ல வேண்டும். தினம் 6 மணி நேரமோ அதற்கும் குறைவாகவோ தூங்க வைக்கப்பட்டவர்களின் கவனத்திறன், இரண்டு வாரத்தில், ஓரிரு இரவு அடியோடு தூங்காதவர்களின் அளவுக்கு இறங்கியிருந்தது. ஆனால் அவர்கள் அதைப் பெரும்பாலும் உணரவே இல்லை. எனக்கு அச்சம் தருவது இந்தக் கடைசிச் செய்திதான். குறைகிறது என்றே தெரியாமல் குறைகிறது.

எடை குறைக்கத்தான் ஐந்து மணிக்கு எழுகிறேன் என்பவர்களுக்கு இன்னொன்று. சிகாகோ பல்கலைக்கழகத்தில் உணவுக் கட்டுப்பாட்டில் இருந்த 10 பேரை இரண்டு வாரம் எட்டரை மணி நேரமும், வேறு இரண்டு வாரம் ஐந்தரை மணி நேரமும் படுக்கவிட்டுப் பார்த்தார்கள். முடிவு 2010இல் வந்தது. எடை இரண்டு தடவையும் ஏறத்தாழ ஒரே அளவு குறைந்தது. ஆனால் குறைந்த தூக்கத்தில் கரைந்த கொழுப்பு பாதிக்கும் கீழே. மிச்சம் போனதில் தசையும் அடங்கும். ஆய்வு சிறியது என்பது உண்மை. ஆனாலும், தூக்கத்தை விற்று எடையைக் குறைக்கலாம் என்று நினைப்பவர் ஒரு நிமிடம் நின்று யோசிக்க இது போதும்.

பெண்களுக்கு ‘காலையில் எழுந்து நடங்கள்’ என்று ஆலோசனை சொல்பவர்கள் இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பல வீடுகளில் ஐந்து முதல் ஏழு மணி வரை சமையலும் பிள்ளைகளின் டிபன் பாக்ஸும் ஏற்கெனவே அவர்கள் தலையில்தான். அந்த நேரத்தில் நடக்கப் போ என்றால் நாலு மணிக்கு எழு என்று பொருள். வீட்டில் வேறொருவர் காலைச் சமையலை வாரம் இரண்டு நாள் ஏற்றுக்கொள்ளாமல் இந்த ஆலோசனையைச் சொல்வது நியாயமே இல்லை.

சாலையையும் மறக்கக் கூடாது. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் உள்ளவரின் அளவுக்கு இறங்கும் என்று 1997இல் ‘நேச்சர்’ இதழில் ஓர் ஆய்வு வந்தது. நம் நாட்டில் வண்டி ஓட்டச் சட்டம் அனுமதிக்கும் எல்லை 0.03தான். நாலரைக்கு எழுந்தவருக்கு இரவு ஒன்பதரைக்கு 17 மணி நேரம் முடிந்துவிடுகிறது. அதற்குமேல் ஓஎம்ஆரில் பைக்கில் வீடு திரும்புகிறவர்கள் எத்தனை பேர்!

அடுத்தது மாலை. மாலையில் பயிற்சி செய்தால் இரவுத் தூக்கம் கெடும் என்ற பேச்சு நம் ஊரில் வேரூன்றிப்போனது. 2019இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது பொதுவாக அப்படி எதுவும் தெரியவில்லை. படுப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள் முடிகிற கடும் பயிற்சி மட்டும் சிக்கல். உடல் வெப்பமும் தசை வலுவும் உச்சத்தில் இருப்பது பின்மதியத்துக்கும் முன்மாலைக்கும் இடையேதான் என்பதால், எடை தூக்குவதற்கு மாலையே உகந்தது. காலையில் எழுந்தவுடன் இருக்கும் முதுகு விறைப்பும் அப்போது இருக்காது.

மாலையின் பலவீனம் உடலில் இல்லை, நாட்காட்டியில் இருக்கிறது. மீட்டிங் நீளும், மழை பெய்தால் வேளச்சேரி நிற்கும், ஏழரை மணிக்கு ஜிம்மில் இடம் கிடைக்காது. சாப்பாடும் தள்ளிப்போகும். ஒன்பதுக்குப் பயிற்சி முடித்துவிட்டு ஒன்பதரைக்கு வயிறு நிறையப் பரோட்டா என்றால் தூக்கத்தைக் கெடுத்தது பரோட்டாதான், பழி மட்டும் டம்பெல்லுக்கு. ஆறு மணிக்குச் சுண்டலும் வாழைப்பழமும், பயிற்சிக்குப் பின் இரண்டு இட்லி என்று பிரித்துக்கொண்டால் இது சரியாகும். ஐந்து மணிக் காபியைத்தான் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். காஃபின் பாதியாகக் குறையவே ஏறக்குறைய 5 மணி நேரம் பிடிக்கும். பத்து மணிக்கும் அதில் பாதி உடலில் இருக்கும்.

மூன்றாவது வழியை யாரும் ‘பயிற்சி’ என்று மதிப்பதில்லை: பகலில் துண்டு துண்டாக நடப்பது. 2010இல் உலக சுகாதார நிறுவனம் ஒரு தடவைக்குக் குறைந்தது 10 நிமிடமாவது தொடர வேண்டும் என்று நிபந்தனை வைத்திருந்தது. 2020இல் அதை எடுத்துவிட்டது. மூன்று நிமிடம் படியேறினாலும் கணக்கில் சேரும். சாப்பிட்டபின் நடப்பது ரத்தச் சர்க்கரை ஏறுவதையும் மட்டுப்படுத்தும். மதியம் சோறு சாப்பிட்டுவிட்டு நான்கு மணி நேரம் நாற்காலியில் அமரும் நமக்கு இதைவிடப் பொருத்தமான மருந்து ஏது? இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக 2023இல் வந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஆய்வு சொன்னது. நடை தசை வலுவைக் கூட்டாது என்பதுதான் இதில் குறை.

வார இறுதியில் மொத்தமாகச் செய்வதையும் ஒதுக்க வேண்டியதில்லை. பிரிட்டனில் ஏறக்குறைய 90,000 பேர் மணிக்கட்டில் கருவி கட்டி நடத்தப்பட்ட ஆய்வு 2023இல் வந்தது. உழைப்பில் பாதியையோ அதற்கு மேலோ ஓரிரு நாளில் முடித்தவர்களுக்கும் வாரம் முழுதும் பரப்பியவர்களுக்கும் இதயநோய் அபாயம் ஏறத்தாழ ஒரே அளவு குறைவாக இருந்தது. ஐந்து நாள் அசையாத காலோடு ஞாயிறு காலை நேராகப் பாட்மிண்டன் கோர்ட்டில் குதித்தால் மட்டும் கணுக்கால் தாங்காது.

இரவில் கிளையன்ட் கால் உள்ளவருக்கு என் தேர்வு மாலை, பகல் நடை, வார இறுதி ஆகிய மூன்றின் கலவை. மதியச் சாப்பாட்டுக்குப் பின் 10 நிமிடம், இரவுச் சாப்பாட்டுக்குப் பின் 10 நிமிடம் வேகமாக நடந்தால் ஐந்து நாளில் 100 நிமிடம். ஞாயிறு பெசன்ட் நகர் கடற்கரையிலோ வீட்டருகே பூங்காவிலோ ஒரு மணி நேரம். 160 ஆகிவிட்டது. வீட்டிலிருந்து வேலை செய்யும் நாளில் பயண நேரம் மிச்சமாகுமே, அந்த மாலையும் சனிக்கிழமை மாலையும் தசைப் பயிற்சிக்கு அரை மணி நேரம். இதில் ஒரு நிமிடம்கூடத் தூக்கத்திலிருந்து எடுக்கப்படவில்லை. 7 மணி நேரத்துக்குக் குறையும் அந்தக் கால் மணி நேரத்தை, கிளையன்ட் கால் முடிந்தபின் ஃபோன் பார்க்கும் நேரத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

அதிகாலைதான் பிடிக்கும் என்பவர்கள் டீம் லீடிடம் பேசி, இரவு நேரக் கிளையன்ட் கால்களை முறை வைத்து எடுக்கக் கேட்டுப் பாருங்கள். நான்கு பேர் உள்ள டீமில் வாரத்துக்கு மூன்று நான்கு இரவு விடுதலை கிடைக்கும். கிளையன்ட் கால் இல்லாத இரவு பத்து மணிக்கே படுத்துவிட்டு, மறுநாள் காலைக்கு மட்டும் 5 மணி அலாரம் வையுங்கள்.