பொதுநோக்கு மண்டபத்தில் சிறுநீரகப் பரிசோதனை: வரிசையில் நில்லாதவர் யார்?

இலங்கையின் வன்னிக் கிராமங்களுக்கு வரும் சிறுநீரகப் பரிசோதனை முகாம்கள் இலவசம், வாசலுக்கே வருகின்றன. அதற்கு முழுப் புள்ளி. 1990களில் வடமத்திய மாகாணத்தில் கவனத்துக்கு வந்த, காரணம் தெளிவாகாத சிறுநீரக நோய் வவுனியா மாவட்டத்திலும் உண்டு. அறிகுறி தெரியும்போது சிறுநீரகம் பெரும்பாலும் கெட்டுவிட்டிருக்கும்.

சறுக்குவது நேரத்தில். இந்த நோய் அதிகம் பிடிப்பது வயலில் வேலை செய்யும் ஆண்களை. கிழமை நாளில் காலை ஒன்பதுக்கு மேசை போட்டால் அவர்கள் எப்படி வருவார்கள்? தாய்மாரும் வயோதிபரும் வந்து போக, 'இந்த ஊரில் நோய் குறைவு' என்று கொப்பியில் விழும். கிராம அலுவலரிடம் குடும்பப் பட்டியலை முன்கூட்டியே வாங்கி, வந்தவர் பெயருக்கு நேரே புள்ளடி போட்டால் மிச்சம் யார் என்று அன்றே தெரிந்துவிடும். அந்த மிச்சத்துக்குப் பின்னேரமோ ஞாயிறோ இன்னொரு தடவை போகவேண்டும்.

கணக்கையும் குடியேற்றத்திட்டம் வாரியாகப் பிரிக்கவேண்டும். கண்டி வீதியோரக் கடைக்காரரும், 1977 கலவரத்துக்குப் பின் மலையகத்திலிருந்து வந்து காட்டோரத்தில் குடியேறிய கூலிக் குடும்பமும் ஒரே பிரிவில் இருந்தால், சராசரியில் பின்னவர் காணாமற் போய்விடுவார்.

சோதனையிலும் கவனம் போதாது. காலை முதற்சிறுநீர்தான் நல்லது. வரிசையில் நின்று ஒரு போத்தல் தண்ணீர் குடித்தவரின் சிறுநீர் ஐதாகி, இருக்கும் புரதமும் ஸ்ட்ரிப்பில் (சிறுநீரில் தோய்த்து நிறமாற்றம் பார்க்கும் பட்டியில்) தெரியாது. முதல்நாள் மண்வெட்டி பிடித்தவருக்கு நோயில்லாமலே புரதம் காட்டலாம். ஸ்ட்ரிப் டப்பாவின் மூடி திறந்து கிடந்தால் ஈரம் ஏறி ஸ்ட்ரிப் பழுது. பத்துக் கிண்ணத்தில் ஒன்றாகத் தோய்த்துவிட்டு ஆறுதலாகப் பார்த்தால், டப்பாவில் குறித்த செக்கன் தாண்டி நிறம் பிழைக்கும். அதோடு, இந்த நோயின் தொடக்கத்தில் புரதம் கொஞ்சமே கசியும். ஸ்ட்ரிப் சுத்தம் என்றால் தப்பித்தாயிற்று என்றில்லை. சிறுநீரகம் வெளியேற்றவேண்டிய கழிவான கிரியாட்டினின் இரத்தத்தில் எவ்வளவு என்றும் பார்க்கவேண்டும். ஸ்ட்ரிப்போடு மட்டும் வரும் முகாமுக்குப் பாதிப் புள்ளிதான்.

ஒருதரம் காட்டியதும் நோயாளி என்று எழுதிவிடவும் கூடாது. கிரியாட்டினினை வைத்துக் கணிக்கும் வடிகட்டல் அளவு (சிறுநீரகம் நிமிடத்துக்கு எத்தனை மில்லிலீட்டர் வடிகட்டுகிறது என்பது) 60க்குக் கீழே மூன்று மாதம் நீடிக்கிறதா என்று பார்க்கவேண்டும். அதற்குப் 'பெரியாஸ்பத்திரிக்குப் போகவும்' என்ற துண்டு போதாது. ஒருநாட் கூலியை விட்டு, பஸ் பிடித்துப் போக எல்லோராலும் ஏலாது. மறு மாதிரியையும் ஊரிலேயே எடுத்து அனுப்பும் முகாம்தான் உருப்படியானது.

கேள்வித்தாளில் எந்தக் கிணற்றுத் தண்ணீர் என்று கேட்கிறார்கள், நல்லது. முதுகுநோவுக்குக் கடையில் வாங்கிப் போடும், சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடிய டைக்ளோபெனாக் மாத்திரை கிழமைக்கு எத்தனை என்றும் ஒரு வரி சேர்க்கலாம்.