பழைய காருக்கு அலாய் வீல் வாங்குகிறீர்களா? "அப்படியே பொருந்தும்" என்ற பேச்சை நம்பாதீர்கள்

டயர் ஏற்றாத வெறும் ரிம்மை உங்கள் காரில் மாட்டி, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் கடைசிவரை ஒடித்துப் பார்க்காமல் டயர் ஏற்ற விடாதீர்கள். எனக்கு விற்றவர் அந்தச் சோதனைக்கே இடம் கொடுக்கவில்லை. ஏன் என்பது பிறகுதான் தெரிந்தது.

என் கார் 1969 செவர்லே நோவா. மாடல், வருஷம், பழைய ரிம்மின் அளவு எல்லாவற்றையும் எழுதி அனுப்பித்தான் கேட்டேன். "அப்படியே பொருந்தும், ஒரு வேலையும் இருக்காது" என்று எழுத்திலேயே பதில் வந்தது. முதலில் வெறும் ரிம்மை மாட்டிப் பார்க்க வேண்டும் என்றும் சொல்லி வைத்திருந்தேன். காரைக் கொண்டுபோய் நிறுத்தியபோது நான்கு ரிம்மிலும் டயர் ஏறியிருந்தது. "உங்க நேரம் மிச்சமாகட்டும்னுதான் சார்" என்றார்கள்.

மாட்டியதும் பின் டயர் லீஃப் ஸ்பிரிங்கில் இடித்தது. முன்பக்கம் ஸ்டியரிங்கை ஒடித்தால் டயரின் உள்விளிம்பு உரசியது. உடனே உள்ளேயிருந்து ஸ்பேசர் வந்தது; சக்கரம் மாட்டும் ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவே செருகி ரிம்மை வெளியே தள்ளும் தட்டு அது. கேட்பதற்கு முன்பே கையில் வைத்திருந்தார்கள். நாலு சக்கரத்துக்கும் ஸ்பேசரைச் செருகி, "இந்த மாதிரி காருக்கெல்லாம் இப்படித்தான் போடுவோம்" என்று அனுப்பிவிட்டார்கள்.

வேகம் எடுத்ததும் ஸ்டியரிங் நடுங்கியது. இன்னொரு மெக்கானிக்கிடம் காட்டினேன். அவர் நட்டில் ஸ்பேனரை வைத்ததுமே முகம் மாறியது. முன் சக்கரத்தில் பல நட்டுகள் தளர்ந்திருந்தன. கழற்றிப் பார்த்தால், நட்டு உட்காரும் குழிகளில் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தது. ரிம்மின் பின்பக்கம் 5×120, ஈடி 35 என்று தெளிவாக அச்சாகியிருந்தது. 5×120 என்றால் ஐந்து ஓட்டைகளின் மையங்களும் 120 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தில் இருக்கின்றன என்று அர்த்தம்; அந்த விட்டம்தான் பிசிடி. ஈடி என்பது ஆஃப்செட்: ஹப்பில் ஒட்டும் பரப்பு ரிம் அகலத்தின் நடுக்கோட்டிலிருந்து எத்தனை மி.மீ. வெளிப்பக்கம் தள்ளி இருக்கிறது என்ற அளவு. 5×120 பிஎம்டபிள்யூ கார்களில் பரவலாக உள்ள அளவு. என் காருக்கு வேண்டியது 5×120.65, அதாவது நாலே முக்கால் அங்குலம்.

0.65 மி.மீ. தானே என்று தோன்றும். விற்றவரும் அதைத்தான் சொன்னார். ஆனால் கூம்பு நட்டு குழிக்குள் சுற்றிலும் சமமாக அழுந்தினால்தான் பிடிப்பு கிடைக்கும். ஸ்டட் (ஹப்பிலிருந்து நீளும், நட்டு ஏறும் மரைக்கம்பி) ஒவ்வொன்றும் மூன்றில் ஒரு மி.மீ. விலகி நின்றால் நட்டு ஒரு பக்கம் மட்டும் அழுந்தும். நாம் கொடுக்கும் இறுக்கம் ஸ்டட்டை வளைப்பதில் வீணாகும். ஓட ஓட நட்டு தளரும். நடு ஓட்டையும் பெரியது: அந்த ரிம்மில் ஏறக்குறைய 72.6 மி.மீ., என் ஹப் சுமார் 70. அதனால் தடையே இல்லாமல் ஏறிவிட்டது. ஏறிவிட்டதால் பொருந்திவிட்டது என்று காட்ட அவர்களுக்கு வசதி.

இதைச் சாதாரண ஸ்கேலால் கண்டுபிடிக்க முடியாது. ஐந்து ஸ்டட் உள்ள ஹப்பில் பக்கத்துப் பக்கத்து ஸ்டட்களின் மையத்துக்கு மையம் அளந்து 1.701-ஆல் பெருக்கினால் பிசிடி வரும். 120.65-க்கு அந்த இடைவெளி 70.9 மி.மீ., 120-க்கு 70.5. வெர்னியர் காலிப்பர் இருந்தால்தான் வித்தியாசம் தெரியும்.

என்னை அதிகம் கோபப்படுத்தியது டயர் பற்றி அவர்கள் சொன்ன பாதி உண்மை. பழைய டயர் 205/70 ஆர்14, மொத்த விட்டம் சுமார் 643 மி.மீ. அவர்கள் போட்ட 235/45 ஆர்17-ம் அதே 643. "உயரம் ஒண்ணுதான், அப்புறம் எப்படி உரசும்?" என்று என்னிடமே கேட்டார்கள். உயரம் சரி. அகலமும் ஆஃப்செட்டும்? பழைய ரிம் 6 அங்குல அகலம். ரிம்மைக் குப்புறப் போட்டு, பின் விளிம்பில் ஒரு நேர் கம்பியை வைத்து, அதிலிருந்து ஹப்பில் ஒட்டும் பரப்பு வரை அளந்தால் 4 அங்குலம். இதுதான் பேக்ஸ்பேசிங். புது ரிம் 8 அங்குலம், ஈடி 35. அதற்கு இதே அளவு 5.9 அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. அதாவது கிட்டத்தட்ட 48 மி.மீ. உள்ளே போகிறது. வெளிப்பக்கம் 3 மி.மீ. மட்டுமே கூடுகிறது. அதனால் வெளியே நின்று பார்ப்பவருக்குக் குறையே தெரியாது.

ரிம் காட்டிக்கொடுத்ததும் டயரின் தேதியையும் தேடினேன். வெளிப்பக்கம் இல்லை. தயாரிப்புத் தேதி அடங்கிய முழு டாட் (DOT) எண் ஒரு பக்கம் மட்டும் இருப்பது சகஜம்தான். அந்தப் பக்கத்தை உள்ளே வைத்து மாட்டியிருந்தார்கள். கடைசி நாலு இலக்கத்தில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். "புதுச் சரக்கு" என்று விற்றது பல வருஷம் கிடந்த டயர். டயர் ஏற்றுவதற்கு முன் இதையும் படித்துவிடுங்கள்.

திருப்பிக் கொடுக்கப் போனபோது, "டயர் ஏத்தின ரிம்மைத் திரும்ப எடுக்க மாட்டோம்" என்றார்கள். முந்திக்கொண்டு ஏற்றியதற்குக் காரணம் அதுதான் என்று நான் நினைக்கிறேன். எழுத்தில் கொடுத்த பதில் என்னிடம் இருப்பதால் விஷயத்தை விடப் போவதில்லை. நீங்களும் பிசிடி, நடு ஓட்டை, அகலம், ஆஃப்செட் நான்கையும் ரசீதில் எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுத்தால் அங்கே வாங்கவே வேண்டாம்.

ஏற்கெனவே இப்படி ஸ்பேசர் போட்டு ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் இன்றே ஒரு நட்டைக் கழற்றிப் பாருங்கள். ஸ்பேசரின் தடிமன் அளவுக்கு நட்டு பிடிக்கும் மரை குறையும்; நட்டு ஸ்டட்டின் விட்டம் அளவுக்காவது மரையில் ஏறியிருக்க வேண்டும். என் காரின் 7/16 அங்குல ஸ்டட்டுக்கு அது ஏறக்குறைய 9 முழுச் சுற்று. அதைவிடக் குறைந்தால் காரை எடுக்காதீர்கள், பழைய ரிம்மையே திரும்ப மாட்டுங்கள்.