வே மாவா, பட்டாணி மாவா?

கல்லடியில் எங்கள் ஜிம்முக்கு வருகிற பொடியன்மார் அடிக்கடி கேட்பது, "அக்கா, வே புரத மாவா, பட்டாணிப் புரத மாவா, எதை வாங்கிறது?" இரண்டையும் மாறி மாறிக் குடித்துப் பார்த்ததால் சொல்கிறேன்.

வே, பாலாடைக்கட்டி செய்யும்போது மிஞ்சும் நீரிலிருந்து எடுப்பது. தசை வளர்ச்சியைத் தூண்டும் லியூசின் என்ற அமினோ அமிலம் (புரதத்தின் ஒரு கூறு) அதில் கூடுதல், தண்ணீரில் சட்டென்று கரையும். ஆனால் சாதாரண கான்சன்ட்ரேட் (குறைவாகச் சுத்திகரித்த வே) எனக்கு வயிற்றை ஊதவைத்தது. லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை ஒத்துவராதவர்களுக்கு, அதைப் பெருமளவு நீக்கிய ஐசோலேட் நல்லது, விலைதான் கூட.

பட்டாணி மாவில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் எவ்வளவு குலுக்கினாலும் அடியில் மண்டி நிற்கும், கடைசி மிடறு நாக்கில் நறநறக்கும். பட்டாணிப் புரதத்தில் மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் குறைவு, அரிசிப் புரதத்தில் லைசின் என்ற இன்னொன்று குறைவு. அதனால் பட்டாணியும் அரிசியும் கலந்த பேணியாகப் பார்த்து வாங்குங்கள்.

பேணியில் "கொழுப்பைக் கரைக்கும்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதை நம்பிக் காசைக் கொட்டாதீர்கள். பின்பக்கத்தைத் திருப்புங்கள். 30 கிராம் மாவில் 20 கிராமுக்கு மேல் புரதம் இருந்தால் சரி. சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம்.

என் தெரிவு ஐசோலேட். ஆனால் மீனும் முட்டையும் அவித்த பயறும் ஒழுங்காகச் சாப்பிடுகிற பொடியனுக்கு இரண்டுமே தேவையில்லை.