நூறு கிலோ நெல்லுக்கு நூறு கிலோ அரிசியா? ஆமைக்குக் கொடுக்க நினைத்த பணமும் மூன்று கணக்குகளும்

அப்பா போய் ஒரு வருஷம் ஆகிறது. திவசம், அன்னதானம் எல்லாம் போக, அவருக்குப் பிடித்த ஒன்றுக்கும் ஏதாவது செய்யலாம் என்று அக்கா சொன்னாள். அவருக்குப் பிடித்தது பறவையும் மிருகமும்தான். மார்கழி பிறந்துவிட்டால் எங்கள் இருவரையும் சைக்கிளில் ஏற்றி வடுவூர் ஏரிக்குக் கூட்டிப்போவார். கோடியக்கரைக்கு வருஷத்துக்கு ஒரு தடவை பஸ். வெளிமான் கூட்டம் துள்ளி ஓடுவதைப் பார்த்துவிட்டு, வரும் வழியில் வேதாரண்யத்தில் டிபன். அக்கா 30,000 ரூபாய், நான் 20,000. கொடுக்கலாம் என்று முடிவெடுக்க ஐந்து நிமிஷம் ஆனது. யாருக்குக் கொடுப்பது என்று முடிவெடுக்க ஆறு வாரம்.

நான் மன்னார்குடிப் பக்கம் ஓர் அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறவன். எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. யார் கணக்கைக் காட்டினாலும் முதலில் பார்ப்பது நெல் எவ்வளவு, அரிசி எவ்வளவு என்பதைத்தான். நூறு கிலோ நெல்லைப் புழுக்கி அரைத்தால் அறுபத்தெட்டு கிலோ அரிசி. அரசாங்கம் எங்களிடம் கேட்கும் கணக்கும் அதுதான். மீதி உமி, தவிடு, கழிவு. ஒருவன் வந்து நூறு கிலோ நெல்லில் நூறு கிலோ அரிசி எடுத்தேன் என்றால் அவனை யாரும் பாராட்ட மாட்டோம், மூட்டையைப் பிரித்துப் பார்ப்போம்.

கடைசிச் சுற்றில் மூன்று பேர் நின்றார்கள். ஒன்று, நாடு முழுக்க வேலை செய்யும் ஒரு பெரிய அமைப்பு. இரண்டு, வேதாரண்யத்துக்கு வடக்கே கடலோரக் கிராமம் ஒன்றில் பங்குனி ஆமைகளுக்காக இயங்கும் சின்ன அறக்கட்டளை. மூன்று, பாம்பு, ஆந்தை, நீர்நாய் என்று மீட்பு வீடியோ போடும் இளைஞர் குழு. மூவருக்கும் ஒரே கேள்வியை அனுப்பினேன்: "கடைசி மூன்று வருஷத்துத் தணிக்கைக் கணக்கைப் பார்க்க முடியுமா?"

பெரிய அமைப்பிடமிருந்து அன்றைக்கே ஓர் இணைப்பு வந்தது. பத்து வருஷத்து அறிக்கைகள், வழவழப்பான படங்களோடு. வீடியோக் குழு கும்பிடும் கை ஒன்றும், அதன் கீழே க்யூஆர் கோடும் அனுப்பியது. கடற்கரை அறக்கட்டளையிடமிருந்து மூன்று நாள் சத்தமே இல்லை. நாலாம் நாள் வாட்ஸ்அப்பில் பதினோரு போட்டோ. எல்லாம் சாய்வாக எடுத்தவை, ஒன்றின் ஓரத்தில் யாரோ கட்டை விரல்.

மூன்றாமவர்களை முதலில் முடித்துவிடுகிறேன். அவர்கள் பக்கத்தில் பெரிய எழுத்தில் இருந்த வாசகம்: "நீங்கள் தரும் பணம் 100 சதவீதமும் விலங்குகளுக்கே." நூறு கிலோ அரிசி! பெட்ரோல் யார் போடுகிறார்கள், கேமரா எங்கிருந்து வந்தது, மருந்து வாங்கிய பில் எங்கே என்று கேட்டால் பதில் இல்லை. பணம் போவது ஒரு தனிநபரின் ஜிபே எண்ணுக்கு. பதிவு நடந்துகொண்டிருக்கிறதாம். அது கூடப் பரவாயில்லை, எல்லாரும் ஒரு நாள் அப்படித்தானே தொடங்கியிருப்பார்கள். எனக்கு உறுத்தியது வேறு. நீர்நாய்க் குட்டி ஒன்றை மடியில் வைத்துப் பால் புகட்டும் வீடியோவில் வனத்துறை ஆள் ஒருவர்கூட இல்லை. வனவிலங்கை 1972-ஆம் வருஷச் சட்டப்படி அனுமதியில்லாமல் பிடித்து வைத்திருப்பதே குற்றம். எந்த அதிகாரியிடம், எந்தத் தேதியில் ஒப்படைத்தீர்கள் என்று கேட்டேன். என் எண்ணைத் தடை செய்துவிட்டார்கள். அந்தக் குழுவில் ராத்திரியில் கிணற்றில் இறங்கிப் பாம்பு பிடிக்கும் பையன்கள் இருப்பதும் உண்மைதான். அவர்கள் வீட்டு நிகழ்ச்சிக்கு மொய் வைக்கச் சொன்னால் வைப்பேன். அப்பா பெயரில் கொடுக்க மாட்டேன்.

இனி மிச்சமிருக்கும் இருவர்.

பெரிய அமைப்பின் கணக்கைப் படிப்பது எளிது. வரவு செலவு, ஐந்தொகை, அட்டவணைகள், ஆடிட்டர் அறிக்கை, எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. வெளிநாட்டுப் பணம் வாங்க எஃப்சிஆர்ஏ பதிவு உண்டு. அந்தப் பதிவு இருந்தால் சில கட்டாயங்கள் தாமாக வந்துவிடும். பணம் டெல்லியில் ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் உள்ள கணக்கு வழியாகத்தான் நுழைய வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அதில் நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. முன்பு 50 வரை போகலாம். நிதியாண்டு முடிந்து ஒன்பது மாதத்துக்குள் தணிக்கை செய்த கணக்கைப் பொதுவில் வைக்க வேண்டும். ஆக, இவர்களிடம் கணக்கு சுத்தமாக இருக்கிறதே என்று ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. இல்லாவிட்டால்தான் ஆச்சரியம்.

அதனால் சுத்தத்தைத் தாண்டி ஒரு கேள்வி கேட்டேன்: "நான் தரும் பணத்தில் டெல்டாவுக்கு எவ்வளவு வரும்?" பன்னிரண்டு நாள் கழித்து மரியாதையான கடிதம். பணம் பொது நிதியில் சேரும், தேவைக்கேற்பப் பிரியும், குறிப்பிட்ட இடத்துக்கு ஒதுக்க வேண்டுமானால் தொகை இதைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். ஏமாற்றமாக இருந்தாலும் நேர்மையான பதில். அதற்குப் பின் மாதம் ஒருமுறை போன் வருகிறது, அது தனிக் கதை. அவர்கள் கணக்கில் நிதி திரட்டும் செலவு என்று ஒரு வரி இருப்பதன் அர்த்தம் எனக்கு அந்த போன்களில்தான் விளங்கியது.

ஆனால் பெரிய அமைப்புகளால் மட்டுமே ஆகிற வேலை என்று ஒன்று இருக்கிறது. 1883-ல் தொடங்கிய பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் கோடியக்கரையில் நெடுங்காலமாகப் பறவைகளின் காலில் வளையம் போட்டுத் தகவல் சேர்த்து வருகிறது. (நான் கடிதம் எழுதியது அவர்களுக்கு அல்ல.) அந்த வளையத்தோடு ஒரு பறவை எங்கோ இன்னொரு நாட்டில் அகப்படும் வரை காத்திருக்க வேண்டும். எத்தனை வருஷம் என்று சொல்ல முடியாது. அதற்கு இடைவிடாமல் சம்பளம் கொடுக்கிற கை வேண்டும். மூன்று மீனவர்களும் ஒரு வாத்தியாருமாக அதைச் செய்ய முடியாது.

அந்த வாத்தியாரிடம்தான் இப்போது வருகிறேன். ஓய்வு பெற்ற அறிவியல் ஆசிரியர், கடற்கரை அறக்கட்டளையின் செயலாளர்.

அவர் அனுப்பிய பதினோரு போட்டோவில் முதலில் தேடியது ஆடிட்டரின் யூடின் எண்ணை. 2019 ஜூலைக்குப் பிறகு எந்தத் தணிக்கை அறிக்கையிலும் இந்த 18 இலக்க எண் இருந்தாக வேண்டும். பட்டயக் கணக்காளர் நிறுவனத்தின் தளத்தில் அடித்துப் பார்த்தால், அந்த ஆடிட்டர் அந்தத் தேதியில் அப்படியோர் அறிக்கையில் கையெழுத்துப் போட்டாரா என்பதோடு, முக்கியமான தொகைகளும் தெரியும். தொடை மேல் வைத்து எடுத்த போட்டோ, எண்ணில் 8-ஆ 3-ஆ என்று தெரியவில்லை. இரண்டையும் அடித்துப் பார்த்தேன். 8 சரி. தொகையும் ஒத்துப்போனது.

அடுத்து செலவுப் பக்கம். பாதிக்கு மேல் சம்பளம். அக்காவுக்கு அனுப்பினேன், உடனே போன்.

"என்னடா இது, ஆமைக்குக் குடுத்தா ஆளுக்குத்தான் போகுது?"

"ஆமைக்கு என்னக்கா செலவு? அது தானா வந்து முட்டை போட்டுட்டுப் போகுது. அந்த முட்டையை நாய், நரி தோண்டறதுக்குள்ள எடுக்கணும்ல, அதுக்குத்தான் ஆள்."

உண்மையில் அவ்வளவுதான் விஷயம். தை மாசத்திலிருந்து பங்குனி வரை, ராத்திரி பதினொரு மணிக்குக் கிளம்பி விடியும் வரை மணலில் நடக்கிற நாலு பேர். தடம் பார்த்து, குழி தேடி, முட்டைகளை எடுத்து வனத்துறையின் பொரிப்பகத்தில் சேர்க்கிறார்கள். அந்த நடைதான் முழு வேலையும். கணக்கில் அது சம்பளமாகத்தான் வரும். களத்தில் தரவு சேகரிப்பவர்களின் சம்பளத்தை நிர்வாகச் செலவில் சேர்க்க வேண்டாம் என்று ஆராய்ச்சி, பயிற்சி அமைப்புகளுக்கு எஃப்சிஆர்ஏ விதியே சொல்கிறது. எங்கள் ஆலையில் உமியைக் கழிவு என்றுதான் எழுதுவோம். அதை எரித்துத்தான் பாய்லர் ஓடுகிறது, நெல் வேகிறது. சம்பளம் எத்தனை சதவீதம் என்று மட்டும் பார்த்து நல்லவன், கெட்டவன் என்று பிரிப்பவர்களுக்கு இது புரிவதில்லை.

அப்புறம் ஐந்தொகையில் ஒரு வரி கண்ணில் பட்டது. "கஜா சீரமைப்பு நிதி". மூன்று வருஷமாக ஒரே தொகை, ஒரு ரூபாய் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கஜா புயல் கரையேறியது 2018 நவம்பர் 16. கோடியக்கரைக் காட்டில் மரங்கள் சாய்ந்து, மான்களும் குதிரைகளும் செத்து ஒதுங்கிய நாட்கள் இந்தப் பக்கத்தில் யாருக்கும் மறக்காது. அன்றைக்கு நெஞ்சு கனத்துக் கொடுத்த பணம் இன்னும் வங்கியில் தூங்குகிறதென்றால் எதற்கு?

நேரிலேயே போய்விட்டேன். வாத்தியார் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அந்த வரியைக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அடுத்த புயலுக்கு ஆகட்டும்னு வெச்சிருக்கோம் தம்பி. வராமலா போயிடும்?"

"சார், எண்ணம் நல்லதுதான். ஆனா கொடுத்தவங்க கஜாவுக்குன்னு கொடுத்தது. மிச்சத்தை வேறதுக்கு வெச்சுக்கறோம்னு அவங்களைக் கேட்டீங்களா?"

கேட்கவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு உள்ளே போய் ஒரு நீளமான நோட்டை எடுத்து வந்தார். கஜா நன்கொடையாளர் பட்டியல், கையெழுத்தில். "எல்லாருக்கும் ஒரு கார்டு போட்டுடறேன்" என்றார். ஒரு மாதம் கழித்து, போட்டேன் என்று அதன் நகலையும் அனுப்பினார். அந்த நகலுக்காகத்தான் அவருக்கு என்னிடம் மதிப்பு கூடியது. தப்பே இல்லாத கணக்கைப் பார்த்து எனக்கு அவ்வளவு நம்பிக்கை வந்ததில்லை.

அதே திண்ணையில் அவர் காட்டிய இன்னொரு நோட்டு, குழிக் கணக்கு. தேதி, இடம், முட்டை எண்ணிக்கை, பொரிந்தது, கெட்டது, கடலில் விட்டது. ஒரு குழியில் நூறு முட்டைக்கு மேல் இருக்கும், பொரிய ஆறரை வாரத்திலிருந்து எட்டு வாரம் ஆகும் என்றார். ஒரு பக்கத்தில் வரிசையாக மூன்று குழிகளுக்கு நேரே பூஜ்யம். ஏன் என்றேன். "தடத்தைக் கலைச்சுட்டாங்க, கண்டுபிடிக்க லேட்டு. அலை ஏறி நனைஞ்சு போச்சு." பூஜ்யம் எழுதத் தெரிந்தவன் கணக்கை நான் நம்புவேன். இந்தப் பக்கத்தில் அலையாத்திக் கன்று "ஒரு லட்சம் நட்டோம்" என்று பேனர் வைப்பவர்களிடமும் நான் கேட்பது இதைத்தான். மூன்று வருஷம் கழித்து எத்தனை நிற்கிறது? முத்துப்பேட்டைச் சேற்றில் மீன்முள் மாதிரி வாய்க்கால் வெட்டி உப்பங்கழித் தண்ணீர் ஏறி இறங்க வழி செய்தால்தான் கன்று பிழைக்கும். நட்ட எண்ணிக்கை வெறும் நெல் கணக்கு.

குறைகளும் உண்டு, மறைக்க மாட்டேன். வேன் வாடகை ஓர் அறங்காவலரின் மாப்பிள்ளைக்குப் போகிறது. ராத்திரி இரண்டு மணிக்கு ஊரில் வேறு யார் வேன் எடுப்பார் என்கிறார்கள். கூட்டக் குறிப்பில் பதிவாகியிருக்கிறது, ஆடிட்டரும் குறிப்பிட்டிருக்கிறார், அதனால் விட்டுவிட்டேன். பெரிய கவலை, எல்லாம் வாத்தியார் தலையில் இருப்பது. அவர் பத்து நாள் படுத்துவிட்டால் கணக்கும் படுத்துவிடும். பெரிய அமைப்பில் அந்தப் பயம் இல்லை.

முடிவை ஓரளவு சட்டமே எடுத்துக் கொடுத்தது. அக்காவும் அத்தானும் சிங்கப்பூர் குடியுரிமை வாங்கிவிட்டார்கள். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் வெளிநாட்டிலிருந்து தன் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. குடியுரிமை மாறிவிட்டால் ஆகிவிடும். வாத்தியாரிடம் எஃப்சிஆர்ஏ பதிவு கிடையாது, அதனால் அக்கா பணத்தை வாங்கக் கூடாது. "நம்ம ஊருக்குன்னுதானேடா ஆரம்பிச்சோம்" என்று அக்காவுக்கு வருத்தம். அவள் பங்கு பெரிய அமைப்புக்குப் போனது.

என் 20,000 கடற்கரைக்கு. வங்கி வழியாகத்தான் அனுப்பினேன், 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால், நன்கொடைக்கு உரிய 80ஜி வரி விலக்கு கிடையாது. உண்மையில் நான் புது வரி முறையில் இருக்கிறேன், 80ஜி-யால் எனக்குப் பைசா லாபமில்லை. இருந்தாலும் 10பிஇ என்ற நன்கொடைச் சான்றிதழ் வேண்டும் என்று சொல்லிவிட்டேன். அதைத் தர வேண்டுமானால் அவர்கள் என் பான் எண்ணையும் தொகையையும் வருமான வரித்துறைக்குத் தாக்கல் செய்தாக வேண்டும். ரசீதை யாரும் அச்சடிக்கலாம். இந்தச் சான்றிதழ் வருமான வரித்துறையின் தளத்திலிருந்துதான் இறங்கும். கூடவே ஒரு கடிதமும் வைத்தேன்: இந்தப் பணம் இரவு நடப்பவர்களின் சம்பளத்துக்கு மட்டும். வாத்தியார் இரண்டு தடவை படித்தார். ஆமை படம் போட்ட டி-ஷர்ட்டுக்குக் கொடுத்தவர்கள் உண்டாம், சம்பளத்துக்கு என்று எழுதிக் கொடுத்தவர் இதுவரை இல்லையாம்.

10பிஇ-க்குக் கடைசி நாள் மே 31. வரவில்லையென்றால் ஜூன் ஒன்றாம் தேதி காலையில் போன் போடுவேன் என்று சொல்லியே வைத்திருக்கிறேன்.

"போடுங்க தம்பி. அதுக்குள்ள கடைசிக் குழியும் பொரிஞ்சிருக்கும், ரெண்டு கணக்கையும் சேர்த்தே அனுப்பறேன்" என்றார்.