ஓம்னிக்கு டிஸ்க் வாங்கப் போறவங்க இதைப் படிச்சுட்டுப் போங்க

மக்களே, போன மாசம் எனக்கு நடந்ததை எழுதுறேன். கொஞ்சம் நீளம்தான், ஆனா ராமேஸ்வரம், தங்கச்சிமடம், மண்டபம் பக்கம் பழைய மாருதி ஓம்னி வேன் வச்சிருக்கவங்க முழுசாப் படிச்சிருங்க.

என் வண்டி 2007 மாடல், கருவாடு ஏத்திட்டு சந்தைக்குப் போற வண்டி. நம்ம பக்கம் உப்புக்காத்து போதாதுன்னு கருவாட்டுப் பெட்டியில இருந்து ஒழுகுற தண்ணி வேற, எந்த இரும்பும் நிக்காது. டிஸ்க், அதாவது டயரை மாட்டுற இரும்புச் சக்கரம், நாலும் விளிம்புல பொரிஞ்சு போயி தினம் காலையில காத்து அடிச்சாத்தான் வண்டி எடுக்க முடியும்னு ஆயிருச்சு. ஓம்னியை 2019லயே நிறுத்திட்டாங்க, நல்ல டிஸ்க் கிடைக்காதுன்னு ஆளாளுக்குச் சொன்ன பயத்துல ராம்நாட்டுல ஒரு கடைக்குப் போனேன்.

"தம்பி, கம்பெனி ஸ்டாக், குடோன்ல கிடந்த புது மால், இதை விட்டா கிடைக்காது"ன்னார். சில்வர் பெயிண்ட்ல பளபளன்னு இருந்துச்சு. ஒண்ணு 1,300, நாலுக்கு 5,200 கொடுத்தேன். பில் கேட்டா "ஜிஎஸ்டி சேருமே தம்பி"ன்னு ஒரு துண்டுச்சீட்டுல தொகையை மட்டும் எழுதிக் கொடுத்தார். டயரையும் அங்கயே மாட்டிக் கொடுத்துட்டாங்க, டிஸ்க்கோட உள்பக்கத்தை நான் கண்ணால பார்க்கவே இல்ல.

மூணாம் நாள் விடியக்காலம், வண்டியில வீட்டுக்காரியும் சின்னவளும் இருக்காங்க, பாம்பன் பாலத்துல ஸ்டியரிங் ஆட ஆரம்பிச்சுது. பாலத்துல எப்பவும் அடிக்கிற காத்துதான்னு நினைச்சு மெதுவா ஓட்டிட்டு வந்தேன், பாலம் இறங்கியும் ஆட்டம் நிக்கல. ஓரமா நிறுத்திப் பார்த்தா முன்னாடி இடது வீல்ல நாலு நட்டுல ரெண்டு கையாலயே திருகுது. இப்ப எழுதும்போதும் வயிறு கலங்குது.

மண்டபத்துல பஞ்சர் கடை அண்ணன் வீலைக் கழட்டி, டயரைப் பிரிச்சு, ஸ்க்ரூடிரைவரால விளிம்பைச் சுரண்டுனார். சில்வர் பெயிண்டுக்கு அடியில பட்டி (பள்ளத்தை அடைச்சு மழுங்க வைக்கிற பூச்சு), பாளம் பாளமா உதிருது, அதுக்கு அடியில துரு. ஒரு பழைய ஸ்பீக்கர் காந்தத்தை எடுத்து விளிம்பைச் சுத்தி நகர்த்துனார், இரும்பு இருக்கிற இடத்துல கப்புனு பிடிக்குது, பட்டி கனமா இருக்கிற இடத்துல வழுக்கிட்டு விழுது. இன்னொண்ணுல உள்பக்கம் வெடிப்பை வெல்டிங் வச்சு ராவியிருந்தாங்க. நட்டு ஏன் லூசாச்சுன்னு கேட்டேன். நட்டு உக்கார்ற குழியிலயும் வண்டிப் பக்கம் ஒட்டுற முகத்துலயும் மொத்தையா பெயிண்ட் இருந்தா, ஓட ஓட அந்தப் பெயிண்ட் நசுங்கிப் போயிரும், நட்டோட பிடி விட்டுரும்னார். அதோட ஒரு டிஸ்க்ல போல்ட்டு ஓட்டை முட்டை மாதிரி தேய்ஞ்சு இருந்துச்சு, அது எந்த வண்டியில லூசா ஓடுனதோ.

திரும்பக் கடைக்குப் போனா "டயர் மாட்டுன டிஸ்க்கை எடுக்க மாட்டோம், உங்க ஊரு உப்புக்காத்துக்கு நான் என்ன பண்ண முடியும்"ங்கிறார். துரு மூணு நாள்ல வரட்டும், பட்டியும் வெல்டிங்கும் எப்படிங்க வரும்? 1915 நுகர்வோர் ஹெல்ப்லைனுக்குப் புகார் சொல்லலாம்னா, என் கையில கடைப் பேர்கூட இல்லாத துண்டுச்சீட்டுதான் இருக்கு. அதனால பில்லுல "புதிய டிஸ்க் 4" ன்னு எழுதி வாங்காம காசை நீட்டாதீங்க.

வாங்குறதுக்கு முன்னாடி டயர் இல்லாம வெறும் டிஸ்க்கைக் கையில வாங்கிப் பாருங்க, கம்பெனி மார்க், சைஸ், தயாரிச்ச மாசம் வருஷம் பஞ்ச் அடிச்சிருக்கான்னு தேடுங்க, என்னோடதுல அதெல்லாம் பட்டிக்குள்ள புதைஞ்சு கிடந்துச்சு. ஓம்னிக்கு 12 இஞ்ச், நாலு போல்ட்டு, எதிரெதிர் ஓட்டையோட நடுவுக்கு நடு 114.3 மில்லி, அதாவது நாலரை இஞ்ச். 100 மில்லி டிஸ்க்கும் நாலு ஓட்டைதான், கண்ணுக்கு ஒண்ணு போலத்தான் தெரியும், டேப் வச்சு அளந்துருங்க. மாட்டும்போது நட்டை எதிரெதிரா முறுக்கச் சொல்லுங்க, 50 கிலோமீட்டர் ஓடுனதும் திரும்ப ஒரு தடவை முறுக்குங்க, இதை அந்தக் கடையில யாரும் சொல்லல.

கடைசியில மதுரையில இருந்து பில்லோட புதுசா நாலு வாங்கிப் போட்டேன், வண்டி ஆட்டமில்லாம ஓடுது. அந்தப் பழைய நாலையும் காயலான் கடைக்குப் போடச் சொன்னாங்க. போட்டா திரும்பப் பட்டி வச்சு, சில்வர் அடிச்சு வேற யாரு வண்டிக்காவது வந்துரும்னு, வெல்டரைக் கூப்பிட்டு நாலையும் ரெண்டு ரெண்டா வெட்டச் சொல்லி, அதுக்கப்புறம்தான் எடைக்குப் போட்டேன்.